அடுத்து, குழுவின் சகோதரி பாடுவார்

மருத்துவரிடம் போனால், காத்திருக்கும் அறையின் வாசலில் நின்று அங்கே வேலை செய்யும் பெண் கூப்பிடுவது என் கணவரின் பெயரை. முன்னால் ‘ஃபிராவ்’, ஜேர்மன் மொழியில் ‘திருமதி’, என்று போட்டுக் கூப்பிடுவாள். நான் எழும்பிப் போவேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இந்த நாட்டிலோ அது இல்லாமல் ஒரு கடுதாசியும் நகராது. அதனால் வந்த புதிதிலேயே அவருடைய பெயரை என் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் முன்னால் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை ஒருவரும் வாசிப்பதில்லை. அவர் செத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வாசலில் மணிப்பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னும் அவர் பெயர்தான். செத்த மனிதரின் பெயருக்கு நான் எழும்பி எழும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதுவது மெதுவாகத்தான் வரும். சமையலறை மேசையில் இருந்து, நாளுக்குக் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சிடுகிறவர்கள் திருத்தட்டும். நடந்ததில் பிழை இல்லை.

உங்களில் பலருக்குத் தட்டிவான் பாட்டுத் தெரிந்திருக்கும். பக்கம் திறந்த, பலகை இருக்கை போட்ட அந்த வான்கள் யாழ்ப்பாணத்து ரோட்டில் இப்போது இல்லை, பாட்டு மட்டும் இருக்கிறது. இங்கே, ஜேர்மனியின் டோர்ட்மண்டில், எங்கள் ஆட்களின் எந்தக் கொண்டாட்டத்திலும் அதைப் போடாமல் விடுவதில்லை. பாட்டின் நடுவில் வான் பள்ளத்தில் விழும். கிற்றார் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு பெண் கத்துவாள். உடனே மண்டபம் முழுக்கச் சேர்ந்து கத்தும். சின்னப் பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று கத்துவார்கள்.

அந்தப் பெண் நான்.

என் அப்பா ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கல்யாண வீடு, கோயில் திருவிழா, கூட்டம் என்று எதற்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள்தான் பனைமரத்தில் ஏறும். இசைத்தட்டுகளைத் துடைத்து உறையில் போடுவது என் வேலை. கப்பலில் வேலை செய்த ஒருவர் கொஞ்சம் ஆங்கிலத் தட்டுகளைக் கொண்டுவந்து அப்பாவிடம் விற்றார். ‘றொக் அண்ட் றோல்’ என்று அட்டையில் போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு அதை வாசிக்கவும் தெரியாது, அதில் பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்றும் தெரியாது. ஆனால் அவன் தொண்டை கெட்டுவிடும் என்று பயந்து பாடவில்லை என்பது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பாடுகிறவர்கள் எல்லாரும் தொண்டையைக் கண்ணாடிப் பாத்திரம் போல வைத்திருப்பார்கள். இவன் அதைப் போட்டு உடைத்தான், உடைந்த சத்தமும் தாளத்தில் வந்து விழுந்தது. அந்தத் தட்டைத் துடைக்க வேண்டிய தேவை இல்லாத நாளிலும் எடுத்துத் துடைப்பேன், போட்டுப் பார்ப்பேன்.

ஒலிபெருக்கி கட்டியதும் மற்றவர்கள் “ஹலோ, ஹலோ” என்பார்கள். அப்பாவுக்கு அது போதாது. என்னை மைக்கில் பாட விட்டுவிட்டு ரோட்டின் மறுமுனைக்குச் சைக்கிளில் போய் நின்று குழாய் கரகரக்கிறதா என்று கேட்பார். ஒரு கார்னிவலுக்கு அப்படிப் பின்னேரம் கட்டிக்கொண்டிருந்தோம். அன்று மேடையில் பாட இருந்தவர்கள் கல்லூரிப் பெடியள். மின்சாரக் கிற்றார், டிரம் எல்லாம் வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல மைக்கில் நின்று, கப்பல்காரரின் தட்டில் கேட்ட மெட்டுக்கு வாயில் வந்த தமிழைப் போட்டுப் பாடினேன், இடையில் கத்தினேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழும்பி வந்தார்கள். கிற்றார் வாசிப்பவர் சுருதி கூட்டுவதை விட்டுவிட்டு அப்பாவிடம் போனார்.

“ஐயா, உங்கட மகளை இண்டைக்கு எங்களோட பாட விடுவியளோ?”

“விசரோ உமக்கு? இவள் மேடையில ஏறினால் நாளைக்கு ஆர் இவளைக் கட்டுவான்?”

“ஒரு பாட்டுத்தானே ஐயா.”

அப்பா நெடுநேரம் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், “பாடட்டும். ஆனால் பேர் சொல்லக் கூடாது. நான் பக்கத்தில அம்பிளிபயரோட இருப்பன்.”

“பேர் சொல்லாமல் எப்பிடி ஐயா அறிவிக்கிறது?”

“சகோதரி எண்டு சொல்லும். சகோதரி எண்டு சொன்னால் ஒருத்தரும் ஒண்டும் கதைக்க ஏலாது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. “அடுத்து, எங்கள் குழுவின் சகோதரி பாடுவார்.” அந்த நாளில் மேடையில் பாடும் பெண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு பாடுவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் பலகையை உதைத்துப் பாடினேன். மேடையில் ஏற முன் சேலையைப் பத்து இடத்தில் ஊசியால் குத்திவிட்டிருந்தார்கள், அது அசையவில்லை. முதல் கத்தலுக்குக் கூட்டம் மேடைக்குக் கிட்ட நெருக்கியது. பிறகு ஒரு குரல் வந்தது, “உந்தக் கத்துறவளைக் கீழ இறக்குங்கோடா!” இன்னொருவர் கேட்டார், “உவளுக்குத் தகப்பன் இல்லையோ?” தகப்பன் பக்கத்தில்தான் இருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. தலை குனிந்தபடியே கையை மட்டும் நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த மனிதரை நான் மன்னிப்பது அந்தக் கைக்காகத்தான்.

பிறகு சில வருடங்கள் பாடினேன். கோயில், கார்னிவல், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டக் காசு சேர்க்கும் விழா எல்லாவற்றிலும். வானில் பெடியள் முன்னால் இருப்பார்கள், நான் பின்னால் குழாய் ஸ்பீக்கர்களோடு இருப்பேன். ஒழுங்கையில் போகும்போது தாய்மார் தங்கள் பெண்பிள்ளைகளின் கையைப் பிடித்து மற்றப் பக்கம் இழுப்பார்கள். அதே பிள்ளைகள் கிணற்றடியில் வந்து, “அக்கா, ஒருக்கால் கத்திக் காட்டுங்கோ” என்று கெஞ்சுவார்கள். எனக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் அப்படிப் பாடவில்லை. கத்தலைப் பாட்டாக்கலாம் என்று அவர்களுக்குக் காட்டியவள் நான். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன். பெருமைப்படுவதற்கு எனக்கு வேறு என்ன இருக்கிறது?

தட்டிவான் பாட்டின் சொற்கள் கிற்றார்காரருடையவை. அதை மறுக்கமாட்டேன். நடுவில் அவர் ஒரு சொல்லும் எழுதாமல் விட்ட இடத்தைத்தான் நான் கத்தி நிரப்பினேன். கொழும்புக்கு ரயிலில் போய் அதை இசைத்தட்டில் பதிந்தோம். தட்டு வந்த நாளில் அப்பா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நடுவட்டத்தில் இருந்ததை வாசித்தார். குழுவின் பெயர் இருந்தது. இசை, பாடல் என்று கிற்றார்காரரின் பெயர் இருந்தது. பாடியவர்கள் என்ற இடத்தில் ‘குழுவினர்’ என்று இருந்தது.

“அப்பா, நான் எங்க?”

“நீ உள்ளுக்க இருக்கிறாய் பிள்ளை. சுத்தவிட்டால் வருவாய்.”

வானொலியிலும் அப்படித்தான் சொன்னார்கள். குழுவினர். நான் கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கிற்றார்காரரிடமே கேட்டேன். “உங்கட அப்பா சொன்னதைத்தானே நாங்கள் செய்தனாங்கள், சகோதரி” என்றார். அவர் சொன்னதும் சரி. எல்லாரும் சரியாகத்தான் நடந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருவன் களவெடுத்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கேட்டார், “பிள்ளை பாடுமாமே?” அப்பா, “தேவாரம் படிக்கிறவள்” என்றார். ஆனால் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. பெயர் தட்டிலும் வானொலியிலும் வராமல் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு சம்மதித்தார்கள், இனி மேடை இல்லை என்ற பேச்சோடு. அப்பா எனக்காகச் செய்த கெட்டித்தனம் பலித்தது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம்.

என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. கைநீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு நாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. “இஞ்சாரும்” என்பார். வானொலியில் தட்டிவான் பாட்டு வந்தால் எழும்பிப் போய் நிறுத்திவிட்டு வந்து இருப்பார். “தலை இடிக்குது” என்பார். பாட்டு வந்த நாளில் எல்லாம் அவருக்குத் தலை இடித்தது.

போர் வந்தது. அப்பாவின் கடையும் தட்டுகளும் போயின. கணவர் முதலில் ஜேர்மனிக்கு வந்தார், பிறகு நானும் மகனும் வந்தோம். இங்கே ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் நின்றேன். தலைமைச் சமையற்காரி ஒரு ஜேர்மன் பெண், பெரிய கையும் பெரிய வாயும். அவள் வானொலியில் பழைய றொக் அண்ட் றோல் மட்டும்தான் போடுவாள். ஒரு நாள் கப்பல்காரரின் தட்டில் இருந்த ஒரு பாட்டு அதில் வந்தது. எனக்குச் சொல் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் கத்த வேண்டும் என்று தெரியும். கையில் கழுவிய பாத்திரத்தோடு கத்திவிட்டேன். சமையலறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து என் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள், “உன் பெயர் என்ன?”

சொன்னேன். அவளுக்கு அது வாயில் சரியாக வரவில்லை. பாதியை விழுங்கி, மீதியை இழுத்துச் சொன்னாள். ஆனாலும் அன்றிலிருந்து நான் வேலையை விடும் மட்டும் அந்தப் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டாள். கோபத்தில் திட்டும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டினாள். அவள் திட்டியதும் எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் தட்டிவான் பாட்டைப் புது மாதிரி இடி முழக்கத்தோடு போட்டார்கள். அடியில் என் குரல் பழையபடியே இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டாள். நான் அவள் காதில் சொன்னேன், “உது நான்.”

“ஓம் அக்கா, எங்கட காலத்துப் பாட்டல்லோ” என்றாள். “கட்லட் எடுங்கோ, முடியப் போகுது.”

“பாடுறது நான்.”

அவள் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு என் முதுகைத் தடவிவிட்டு, “தண்ணி குடியுங்கோ அக்கா” என்றாள். வயது போனவர்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து முடிவெடுத்தேன். செத்துப்போவதற்கு முன் ஒரு மேடையில், ஒரு மைக்கில், என் பெயரைச் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டைப் பாடியவர் இவர் என்று ஒரு தரம் சொன்னால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அதற்கு ஒரு வழியும் வந்தது. இங்கே எங்கள் ஆட்களின் ஒரு மன்றம் இருக்கிறது. என் மகன் அதில் ஒரு பொறுப்பில் இருக்கிறான். ஐம்பது வயதை நெருங்கியவன், காப்புறுதி அலுவலகத்தில் நல்ல வேலை. பழைய பொப் பாட்டுக்காரர்களைக் கௌரவிக்கும் விழா ஒன்று வைப்பதாகவும், கிற்றார்காரரைக் கனடாவிலிருந்து கூப்பிடுவதாகவும் அவன்தான் வந்து சொன்னான். நான் கேட்டேன், “என்னைக் கூப்பிடேல்லையோ?”

“அம்மா, நீங்கள் பாடினது ஆருக்குத் தெரியும்?”

“உனக்குத் தெரியுமே.”

அவன் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினான். “அப்பாவுக்கு உது பிடிக்காது” என்றான்.

“கொப்பர் இப்ப விழாவுக்கு வரமாட்டார்.”

சிரிக்காமல் போய்விட்டான். ஆனால் மன்றத்தில் சொல்லியிருக்கிறான். அடுத்த கிழமை மன்றத்தின் அறிவிப்பாளர் வீட்டுக்கு வந்தார். எல்லா விழாவிலும் மைக் பிடிப்பவர் அவர்தான். நல்ல குரல், நல்ல தமிழ், கோட் போட்டு வருவார். நான் பாடியதை எல்லாம் கேட்டார். கண்ணை விரித்து, “அப்ப அந்தக் கத்தல் நீங்களோ அன்ரி!” என்றார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். மேடையில் பொன்னாடை போர்த்துவோம் என்றார்.

“பொன்னாடை வேண்டாம் தம்பி. என்ர பேரைச் சொன்னால் போதும்.”

“கட்டாயம் அன்ரி.”

“எங்க, இப்ப ஒருக்கால் சொல்லும் பாப்பம்.”

என் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதற்கு முன்னால் ‘திருமதி’யும் பின்னால் ‘அம்மா’வும் போட்டுச் சொன்னார்.

“உது ரெண்டும் வேண்டாம். பேரை மட்டும் சொல்லும்.”

அவர் நெளிந்தார். “வயசில பெரியவையளை வெறும் பேரில எப்பிடி அன்ரி மேடையில சொல்லுறது? சனம் என்னை என்ன நினைக்கும்? வளர்ப்புச் சரியில்லை எண்டு சொல்லாதே?”

“நான் சொல்லச் சொல்லுறன். கேட்டால் என்னைக் காட்டிவிடும்.”

கடைசியில் வெறும் பெயரைச் சொன்னார், மெதுவாக, கூடாத சொல்லைச் சொல்வதுபோல. எழுதிக்கொள்ளும் என்றேன். “எழுதத் தேவையில்லை அன்ரி, மனசில நிண்டிட்டுது” என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகலில். நல்ல சேலை உடுத்துப் போனேன். மகன் முன் வரிசையில் எனக்குக் கதிரை பிடித்து வைத்திருந்தான். கிற்றார்காரர் தடியூன்றி வந்தார். தலைமயிர் ஒன்றும் இல்லை, ஆனால் கண்ணை வைத்து அடையாளம் கண்டேன். அவரும் என்னைக் கண்டுகொண்டார், இரண்டு கையையும் பிடித்தார்.

“எப்பிடி சகோதரி? இன்னும் கத்துவியளோ?”

“அண்ணை, என்ர பேர் ஞாபகம் இருக்கோ?”

அவர் பெரிதாகச் சிரித்தார். “எங்களுக்கு நீங்கள் எப்பவும் சகோதரிதானே!”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நல்ல பதில் என்று நினைத்தார்களாக்கும். நான் போய் என் கதிரையில் இருந்தேன்.

அவருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அவர் பேசினார். அந்தக் காலத்தில் தமிழில் றொக் அண்ட் றோலைக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டோம் என்று பேசினார். எங்கள் குழுவில் ஒரு சகோதரியும் இருந்தார், இந்தச் சபையில் இருக்கிறார் என்றார். சனம் கைதட்டியது. அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். மேடை ஓரத்தில் என் மகனும் நின்றான். அறிவிப்பாளர் குனிந்து அவனோடு ஏதோ கதைத்தார், நிமிர்ந்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். எழும்புவதற்குக் கதிரையின் கையைப் பிடித்தேன்.

“தட்டிவான் பாடலின் அந்த மறக்க முடியாத குரலுக்குச் சொந்தக்காரர்...” என்று இழுத்தார். பிறகு ‘திருமதி’ என்றார். அதற்குப் பின்னால் என் கணவரின் பெயரைச் சொன்னார். அதற்குப் பின்னால் ‘அம்மா அவர்கள்’ என்றார்.

நான் கதிரையின் கையை விட்டேன்.

சனம் கைதட்டிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவும் அப்படியே கூப்பிட்டார், இன்னும் மரியாதையாக. பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைத் தொட்டாள். “அக்கா, உங்களைத்தான் கூப்பிடுகினம்.”

“என்னை இல்லைப் பிள்ளை. அவரைக் கூப்பிடுகினம். அவருக்கு வர ஏலாது.”

அவள் வாயைப் பொத்தினாள். பின் வரிசையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். முழங்காலில் வருத்தம் என்று யாரோ சொன்னார்கள். அதை அறிவிப்பாளர் மைக்கிலும் சொன்னார், “அம்மாவுக்கு உடல்நலம் இடங்கொடுக்கவில்லை.” என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. பிறகு மகன் மேடையின் நடுவுக்குப் போனான். எனக்காக அவன் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள். கிற்றார்காரரோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சின்னப் பெண் வந்து தட்டிவான் பாட்டைப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். நடுவில் கிற்றார் நின்றதும் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினாள். மண்டபம் முழுக்கக் கத்தியது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் இல்லாமலே அந்தக் கத்தல் தாளத்தில் நன்றாக விழுந்தது.

மகனின் காரில் வீட்டுக்கு வந்தோம். பொன்னாடை பின் இருக்கையில் கிடந்தது.

“ஏனம்மா எழும்பேல்லை? எல்லாருக்கும் முன்னால என்னை வெக்கப்படுத்திப் போட்டியள்.”

“கூப்பிட்டது என்னை இல்லை.”

“இந்த நாட்டில உங்கட பேர் அதுதானே அம்மா. பாஸ்போர்ட்டில அதுதானே கிடக்குது. டொக்டரிட்ட அந்தப் பேருக்குத்தானே எழும்பிறனீங்கள்.”

அவன் சொன்னது உண்மை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அறிவிப்பாளர் தொலைபேசி எடுத்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

“குறை நினைக்காதேங்கோ அன்ரி. மரியாதைக்காகத்தான் அப்பிடிச் சொன்னனான்.”

“மரியாதை கிடக்கட்டும் தம்பி. என்ர பேர் என்ன? இப்ப சொல்லும்.”

“அன்ரி... அது வந்து...” என்று இழுத்தார்.

“உண்மையைச் சொல்லுறன் அன்ரி. மைக்கை வாங்கினவுடன பேர் மறந்து போச்சு. அதுதான் உங்கட மகனிட்டக் கேட்டனான். அவர்தான், அப்பாவின்ர பேரைப் போட்டுத் திருமதி எண்டு சொல்லுங்கோ, அதுதான் வடிவு எண்டவர்.” பிறகு கெஞ்சினார். “நீங்களே ஒருக்கால் சொல்லுங்கோவன் அன்ரி. இனி மறக்கமாட்டன்.”

“சுகமாயிரும் தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகனிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவன் சூழ்ச்சி செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் கேட்டார்கள், அவனுக்கு வாயில் வந்தது அது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவன் என் பெயரைக் கேட்டதே இல்லை. தகப்பன் ‘இஞ்சாரும்’ என்றார், அவன் ‘அம்மா’ என்றான், மற்றவர்கள் ‘அக்கா’ என்றார்கள். என் பெயர் அவனுக்கு எங்கேயிருந்து வரும்? ஆனால் ‘அதுதான் வடிவு’, அதுதான் அழகு, என்று சொன்னானே. அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இப்போதும் வருகிறான். கீழே நின்று தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மணியை அடிக்கிறான். நான் கதவைத் திறந்துவிடுகிறேன், சோறு போடுகிறேன், அவன் சாப்பிடுகிறான். பொன்னாடையைக் கொண்டுவந்து தந்தான். உறை பிரிக்காமல் அலுமாரியில், அவன் தகப்பனின் வேட்டிகள் இருக்கும் தட்டில் வைத்திருக்கிறேன். பெயர் யாருடையதோ அவருக்கே அது சேரட்டும்.